பிள்ளையின் பாவக் கணக்கு: கத்தோலிக்கப் பின்னணியில் டார்க் காமெடி எழுதுவோரும் மேடையேற்றுவோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏழெட்டு வயதுப் பிள்ளை ஒன்று, செத்தால் நேரே நரகம்தான் என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குள் நடமாடுகிறது. வீட்டில் வேறு யாருக்கும் அது தெரியாது. இந்தக் கருவை நாடகமாகவோ குறும்படமாகவோ எடுக்கும்போது எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். திருச்சபையின் விதிகள் நிறைய வரும். விதி பிசகினால் இந்த வகைக் கதையில் சிரிப்பும் பிசகிவிடும்.

விசுவாசத்தைக் கேலி செய்யாமல் சிரிப்பு வருமா?

வரும். கேலி செய்தால்தான் வராது. பெரியவர்கள் விதியை மனப்பாடமாகச் சொல்லிவிட்டு அரைகுறையாக வாழ்கிறார்கள். பிள்ளையோ அதை எழுத்துப் பிசகாமல் நம்பி, கணக்குப் போட்டு, ஒரு முடிவுக்கு வந்து, அதன்படி நடக்கவும் செய்கிறது. சிரிப்பும் பயமும் பிறக்கும் இடம் அதுதான்.

குழந்தை உளவியல் அறிஞர் ழான் பியாஜே 1932-இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு சின்னக் கதைகள் வருகின்றன. சாப்பிடக் கூப்பிட்டதும் ஒரு பையன் கதவைத் தள்ளுகிறான். கதவுக்குப் பின்னால் தட்டில் இருந்த 15 கோப்பைகளும் உடைகின்றன. இன்னொருவன் அம்மா இல்லாத நேரம் பார்த்து ஜாம் திருட ஏறுகிறான். 1 கோப்பை உடைகிறது. யார் அதிகம் கெட்டவன் என்று கேட்டால், சின்னப் பிள்ளைகள் பலர் 15 கோப்பை உடைத்தவனைக் காட்டினார்கள். வயது ஏற ஏற, திருடப் போனவனைக் காட்டினார்கள்.

திருச்சபையின் போதனையோ மனதின் சம்மதத்தைப் பார்க்கிறது. அந்தப் போதனையைப் பதினைந்து கோப்பைக் கணக்கோடு ஒரு பிள்ளை படித்தால் என்ன ஆகும் என்பதுதான் உங்கள் நாடகம். ஒவ்வொரு காட்சியையும் எழுதி முடித்ததும் இதை வைத்துச் சோதித்துப் பாருங்கள்: பிள்ளை இங்கே விளைவை எண்ணுகிறதா, நோக்கத்தை எடை போடுகிறதா? நோக்கத்தை எடை போட்டால் அது பிள்ளை வேடம் போட்ட பெரியவர்.

பிள்ளைக்கு எத்தனை வயது வைப்பது?

ஏழு முடிந்து எட்டு நடப்பது நல்லது. திருச்சபைச் சட்டம் ஏழு வயது நிறைந்தவரைப் புத்தி விபரம் வந்தவராகக் கருதுகிறது. ஞாயிறு பூசைக் கடமையும் அப்போதுதான் தொடங்குகிறது. அதற்குக் கீழே பாவக் கணக்கே கிடையாது என்று பிள்ளைக்கு யாராவது சொல்லிவிட்டால், ஏழாவது பிறந்தநாளுக்கு முந்தின வாரம் முழுக்க ஒரு அங்கமாக விரியும். செய்ய நினைத்ததையெல்லாம் அதற்குள் செய்து முடித்தாக வேண்டுமே!

பழைய காலக் கதை என்றால் கவனம் தேவை. புத்தி விபரம் வந்ததும், அதாவது ஏறக்குறைய ஏழு வயதிலேயே, புதுநன்மை (பூசையில் கிறிஸ்துவின் உடலாகத் தரப்படும் அப்பமான நற்கருணையை முதல் முறை வாங்குவது) கொடுக்க வேண்டும் என்று பாப்பரசர் 10-ஆம் பத்திநாதர் 1910-இல்தான் ஆணையிட்டார். அதற்கு முன் பல இடங்களில் பத்து, பன்னிரண்டு வயது வரை காத்திருக்க வைத்தார்கள். 1890-இல் ஏழு வயதுப் பிள்ளை புதுநன்மை வாங்குவதாக எழுதினால் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள்.

எது சாவான பாவம், எது அற்பப் பாவம்?

மன்னிப்புப் பெறாமல் செத்தால் நரகம் என்று சொல்லப்படுவது சாவான பாவம், அந்த அளவு கனமில்லாதது அற்பப் பாவம். சாவான பாவத்துக்கு மூன்றும் ஒருங்கே வேண்டும்: காரியம் கனமானதாக இருக்க வேண்டும், அது கனமானது என்று முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தே முழு மனதோடு சம்மதித்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் சாவான பாவம் ஆகாது. ஏழு வயதில் இந்த மூன்றும் கூடிவருவது மிக அரிது.

உங்கள் பிள்ளைக்கு இரண்டாவது நிபந்தனை மட்டும் தலைகீழாகப் புரியட்டும். “தெரிந்து செய்தால்தான் பாவம்” என்று கேட்டதும், அது தெரிந்துகொள்ளாமலே இருக்கப் பாடுபடும். ஞானோபதேச (மறைக்கல்வி) வகுப்பில் காதைப் பொத்தும். பத்துக் கட்டளையில் ஆறாவதான “விபசாரம் செய்யாதே” வரும்போது சிறுநீர் கழிக்கப் போக அனுமதி கேட்கும். கட்டளையின் பொருள் தெரியாமல் பட்டியலைப் பார்த்து “விபசாரம் நான்கு தடவை” என்று பிள்ளை ஒப்பிக்கிற நகைச்சுவை தேய்ந்துபோனது. விட்டுவிடுங்கள்.

பாவசங்கீர்த்தனக் காட்சியை எந்த வரிசையில் எழுதுவது?

பாவசங்கீர்த்தனம் என்பது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. உள்ளே போகும் முன் ஆன்ம சோதனை: பாவங்களை நினைத்துப் பார்ப்பது, மனஸ்தாபப்படுவது, இனிச் செய்வதில்லை என்று தீர்மானிப்பது. உள்ளே போனதும் சிலுவை அடையாளம், ஆசீர் கேட்பது, கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து எவ்வளவு நாளாயிற்று என்று சொல்வது. பிறகு பாவங்கள். சாவான பாவமானால் இன்ன வகை, இத்தனை தடவை என்று எண்ணிக்கையோடு சொல்ல வேண்டும். அற்பப் பாவத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. குருவானவர் ஓரிரு வார்த்தை புத்தி சொல்வார், அபராதம் கொடுப்பார். பிள்ளை மனஸ்தாப மந்திரம் சொல்லும். அவர் கையை நீட்டிப் பாவமன்னிப்பு வழங்கி, சமாதானமாகப் போகச் சொல்வார். பிள்ளைகளுக்கு அபராதம் பெரும்பாலும் ஒன்றிரண்டு செபமோ, வீட்டில் செய்ய ஒரு நற்செயலோதான். ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை கொடுக்கும் குரு சினிமாவில்தான் இருப்பார்.

எண்ணிக்கை என்ற இடத்தைத் தவற விடாதீர்கள். “பொய் சொன்னேன் சாமி, முப்பத்தேழு தடவை. இல்லை, இப்போது சொன்னது சரியாகத் தெரியவில்லை, அதனால் முப்பத்தெட்டு.” இந்த ஒரு வரியில் அந்தப் பிள்ளையின் முழு உலகமும் இருக்கிறது.

நேரம்: பிள்ளை செய்யும் பாவசங்கீர்த்தனம் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். மேடையில் ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், வெளியே வரிசையில் நிற்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதையும் காட்டியாக வேண்டும். நீளமே ஒரு குற்றச்சாட்டாக மாறும். பிள்ளை வெளியே வரும்போது எல்லாரும் அதன் முகத்தைப் பார்ப்பார்கள்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியை எந்த அளவில் செய்வது?

தொட்டி என்பது பாவசங்கீர்த்தனம் கேட்கும் கூண்டு. அதில் மூன்று அறை: நடுவில் குரு உட்கார, இரண்டு பக்கமும் முழந்தாளிட. இரண்டு தடுப்பிலும் கம்பி வலையோ துளையிட்ட பலகையோ, உள்ளிருந்து இழுத்து மூடும் சின்னக் கதவோடு. முழந்தாள் பலகை தரையிலிருந்து 15 செ.மீ. உயரம் இருந்தால் போதும். வலையின் கீழ் விளிம்பைப் பலகையிலிருந்து 95 முதல் 100 செ.மீ. உயரத்தில் வையுங்கள். இந்த அளவு பெரியவர்களுக்கானது. 120 செ.மீ. உயரமுள்ள பிள்ளை முழந்தாளிட்டால் உச்சந்தலை 90 செ.மீ. அளவில்தான் நிற்கும். குரு வலையைத் திறந்தால் யாரும் இருக்க மாட்டார்கள். கீழேயிருந்து குரல் மட்டும் வரும். எழுந்து நின்றால் மரியாதைக் குறைவு, முழந்தாளிட்டால் கேட்காது. இந்தச் சிக்கலுக்கு வசனமே தேவையில்லை.

குருவுக்கு ஊதா நிறத் தோள்துகில். முகத்தைப் பிள்ளை பக்கம் திருப்பாமல் காதை வலைக்குக் கொடுத்து உட்காரச் சொல்லுங்கள். பார்வையாளர் பக்கச் சுவரை வெட்டித் திறந்துவிடலாம். நடுத் தடுப்பை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு, வலைக்குப் பின்னால் விளக்கு வைப்பது. குருவின் முகம் பிரகாசமாகத் தெரிந்தால் பயம் போய்விடும். மங்கிய ஒளி மேலிருந்து விழட்டும்.

குரு வெளியே சொல்லவே கூடாதா? பிள்ளை ஆபத்தில் இருந்தாலும்?

கூடாது. சொல்லாலும் சைகையாலும் காட்டிக்கொடுக்கக் கூடாது. நேரடியாக மீறும் குரு அந்தக் கணமே திருச்சபை விலக்கத்துக்கு ஆளாகிறார். அறிந்ததை அந்தப் பிள்ளைக்குப் பாதகமாகப் பயன்படுத்தவும் முடியாது. மறுநாள் வாசலில் பார்க்கும்போது “நேற்று சொன்னாயே” என்று அவராக ஆரம்பிக்கக்கூட முடியாது. பாவசங்கீர்த்தனத்துக்குள் இருக்கும்போதே “இதை அம்மாவிடம் நீயே சொல்லு, அல்லது வெளியே வந்து என்னிடம் மறுபடி சொல்லு” என்று தூண்டலாம். உள்ளே அன்பாகப் பேசிய குரு வெளியே எதுவும் தெரியாதவர்போல் நடந்துகொள்வதைப் பிள்ளை வெறுப்பாக எடுத்துக்கொள்வது நல்ல திருப்பம். காரணம் பார்வையாளருக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது.

இதைவிட வளமான இடம் ஒன்று உண்டு. தற்செயலாகக் காதில் விழுந்தவர்களும் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள் என்று அதே சட்டம் சொல்கிறது. தொட்டியின் இன்னொரு பக்கத்தில் தன் முறைக்காகக் காத்திருக்கும் பிள்ளையின் காதில், உரத்த குரலுள்ள மாமா ஒருவரின் பாவங்கள் விழுந்தால்? இனி அது ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டிய பாரம். “என்ன கேட்டாய்?” என்று மாமாவே வந்து கேட்டாலும் பிள்ளை பதில் சொல்லாது. இதற்காகவே அது வேதசாட்சியாகச் சாகத் தயாராகும்.

“பாட்டி சாகட்டும் என்று நினைத்தேன், செத்துவிட்டாள்.” இந்தக் கருவை எப்படி வளர்ப்பது?

நினைத்தது நடந்தால் தன்னால்தான் நடந்தது என்று நம்பும் வயது இது. இறையியல் தெளிவாக இருக்கிறது: சாக வேண்டும் என்று விரும்பியது அன்புக்கு எதிரானது, அதற்கு வருத்தப்பட வேண்டும், பாட்டியைக் கொன்றது நோய். ஆனால் அந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுக்கக்கூடிய ஒரே ஆளிடம் பிள்ளை கடைசி வரை போய்ச் சேராமல் பார்த்துக்கொள்வதுதான் கதை கட்டும் வேலை.

அதற்கு வழி, ஒவ்வொரு பரிகாரமும் அடுத்த பாவத்தைப் பெறுவது. பாட்டி உத்தரிக்கிற ஸ்தலத்தில் (மோட்சத்துக்குப் போகும் முன் ஆன்மா சுத்திகரிக்கப்படும் இடம்) வேகிறாள் என்று பயந்து, மெழுகுதிரி ஏற்ற அம்மாவின் பையிலிருந்து காசு எடுக்கிறது. காசு உண்டியலுக்குள் போய்விட்டது. திருடியதைத் திருப்பிக் கொடுக்காமல் மன்னிப்பு முழுமையாகாது என்று வகுப்பில் கேட்கிறது. இதுவும் உண்மையான போதனைதான். திருப்பிக் கொடுக்கக் காசு உண்டியலில்தான் இருக்கிறது. கோயில் உண்டியலில் கை வைப்பது தேவத்துரோகம். இப்போது அந்தப் பிள்ளையை உண்டியல் முன்னால் நிறுத்துங்கள்: கையில் அம்மாவின் கொண்டை ஊசி, நுனியில் மென்று ஒட்டிய சூயிங்கம், எதிரே தூய அந்தோணியார், தொலைந்த பொருளைக் கண்டெடுத்துத் தருகிறவர். பிள்ளை உதவி கேட்பது அவரிடம்தான்.

நாலைந்து படி போதும். அதற்கு மேல் போனால் எழுத்தாளரின் கை தெரியும். ஒவ்வொரு படியிலும் பிள்ளை நல்லது செய்யத்தான் போக வேண்டும். ஒரு இடத்தில் சுயநலம் நுழைந்தாலும் மொத்தமும் சாதாரணக் குறும்புக் கதையாகிவிடும்.

பாட்டியின் மரணத்தை வேடிக்கையாக்க வேண்டாம். சவப்பெட்டி தடுமாறுவது, அழுகைக்காரர் மிகைநடிப்பு போன்றவை பிள்ளையின் பயத்தைப் பொய்யாக்கிவிடும்.

கதை நடக்கும் ஆண்டைப் பொறுத்து என்னென்ன மாறும்?

நிறைய. பிள்ளையின் குற்றவுணர்வு விதிகளைப் பிடித்துத் தொங்குவதால், ஆண்டு தவறினால் பாவமே இல்லாமல் போய்விடும்.

நற்கருணைக்கு முன் உபவாசம்: 1953 வரை நள்ளிரவு முதல் தண்ணீர்கூடக் கூடாது. அந்த ஆண்டு 12-ஆம் பத்திநாதர் தண்ணீரை அனுமதித்தார். 1957-இல் திட உணவுக்கு மூன்று மணி நேரம் என்று ஆனது. 1964 முதல் ஒரு மணி நேரம்தான், தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையில்லை. ஆகவே பல் துலக்கும்போது ஒரு துளி விழுங்கிவிட்டு, வெள்ளை உடையோடு, வீடெல்லாம் விருந்தினர் இருக்க, சொல்லவும் முடியாமல் தவிக்கும் புதுநன்மைப் பிள்ளை 1952-இல் நிற்கலாம், 1975-இல் நிற்க முடியாது.

வெள்ளிக்கிழமை இறைச்சி: 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் இறைச்சியைத் தவிர்க்கும் கடமை ஏழு வயதிலிருந்து. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பில் பதினான்கிலிருந்து.

பலன்கள் (மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிஞ்சியிருக்கும் தண்டனையைக் குறைப்பவை; முழுதாக நீக்குவது பரிபூரண பலன்): 1967-க்கு முன் செபப் புத்தகங்களில் ஒவ்வொரு செபத்துக்கும் 300 நாள் பலன், 7 வருடப் பலன் என்று அச்சிட்டிருக்கும். கூட்டிக் கழிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது போதும். சகல ஆன்மாக்கள் திருநாள் இன்னும் சிறப்பு. நவம்பர் 1 நண்பகல் முதல் 2-ஆம் தேதி நள்ளிரவு வரை, கோயிலுக்குள் போய் ஆறு கர்த்தர் கற்பித்த செபம், ஆறு மங்கள வார்த்தை, ஆறு “பிதாவுக்கும் சுதனுக்கும்” செபம் சொன்னால் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாவுக்கு ஒரு பரிபூரண பலன். வெளியே வந்து மறுபடி உள்ளே போய்ச் சொன்னால் இன்னொன்று. வேகமாகச் சொன்னால் நான்கு நிமிடத்துக்குள் முடியும். மணிக்குப் பதினைந்து ஆன்மா. வாசலில் உள்ளே வெளியே என்று ஓடும் பிள்ளை, மூச்சு வாங்கும்போது பாட்டியின் தோழிகளுக்கும் தபால்காரரின் அப்பாவுக்கும் பட்டியல் போடுகிறது. பசி வந்ததும் யாரை விட்டுவிடுவது என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. இந்த முறை 1967-இல் மாறியது. இப்போது பரிபூரண பலன் ஒரு நாளைக்கு ஒன்றுதான்.

வசனத்திலும் ஆண்டு தெரிய வேண்டும். “பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே” என்று செபிக்கும் வீட்டில் ஒரு தலைமுறை, “விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே” என்று செபிக்கும் வீட்டில் இன்னொரு தலைமுறை. இரண்டையும் ஒரே வாயில் கலக்காதீர்கள்.

ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தை, லிம்போ பற்றியெல்லாம் எழுதலாமா?

எழுதலாம், நிதானமாக. லிம்போ என்பது அப்படி இறந்த குழந்தைகள் மோட்சமும் நரகமும் அல்லாமல் போய்ச் சேர்வதாகச் சொல்லப்பட்ட இடம். அது ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்படவில்லை, ஆனாலும் பல தலைமுறைப் பிள்ளைகளுக்கு உறுதியான செய்தியாகவே சொல்லப்பட்டது. 2007-இல் வெளியான அனைத்துலக இறையியல் குழுவின் ஆவணம், அப்படி இறந்த குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்புவதற்கு வலுவான காரணங்கள் உண்டு என்கிறது. பார்வையாளர் வரிசையில் குழந்தையை இழந்த தாய் இருக்கக்கூடும். ஆகவே லிம்போவைப் பிள்ளையின் பயமாக மட்டும் வையுங்கள், சிரிப்புக்கான முடிச்சாக வேண்டாம்.

அவசர ஞானஸ்நானம் வேறு. ஆபத்து வேளையில் சரியான நோக்கத்தோடு யாரும் கொடுக்கலாம்: தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும், அதே நேரத்தில் தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் ஞானஸ்நானம் கொடுப்பதாகச் சொல்ல வேண்டும். இதைக் கற்றுக்கொண்ட எட்டு வயது, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைகளைச் சும்மா விடாது. பூனைக்குச் செல்லாது, மனிதருக்கு மட்டுமே. பூனைக்கு ஊற்றிய பிறகுதான் பிள்ளைக்கு இது தெரிய வேண்டும்.

மேடையில் அப்பத்துக்கு என்ன பயன்படுத்துவது?

வசீகரம் செய்யாத (குரு பூசையில் அர்ச்சிக்காத) அப்பம் அல்லது மெல்லிய மாவுத் தாளை வட்டமாக வெட்டியது. மக்களுக்கான அப்பம் ஏறக்குறைய 3 செ.மீ. விட்டம், குருவுடையது 7 செ.மீ. அல்லது அதற்கு மேல். உண்மையில் கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும்தான். நாடகத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கோதுமை ஒவ்வாத பிள்ளை நடித்தால் உருளைக்கிழங்கு மாவுத் தாள் நல்லது. வசீகரித்த நற்கருணையை எந்தக் காரணத்துக்காகவும் மேடைக்குக் கொண்டுவராதீர்கள். விசுவாசிகளுக்கு அது கிறிஸ்துவின் உடல்.

காய்ந்த அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். “பல் படக் கூடாது, பட்டால் இரத்தம் வரும்” என்று பயமுறுத்தப்பட்ட பிள்ளை, பாட்டு முடியும் வரை வாயைத் திறக்காமல் நாக்கால் போராடும் காட்சிக்கு வசீகரிக்காத உண்மையான அப்பத்தையே கொடுத்து ஒத்திகை பாருங்கள். நடிக்கச் சொல்லித் தர வேண்டியிருக்காது. மெல்லக் கூடாது என்று விதி எதுவும் இல்லை.

முதல் வெள்ளி, உத்தரியம் போன்ற பக்தி முயற்சிகளைச் சேர்க்கலாமா?

தாராளமாக. தொடர்ந்து ஒன்பது மாதம், மாதத்தின் முதல் வெள்ளியன்று நற்கருணை வாங்கினால் நல்ல மரணம் கிடைக்கும் என்பது பிரெஞ்சுக் கன்னியாஸ்திரி தூய மார்கரீத் மரியாளோடு இணைந்த வாக்குறுதி. ஒன்று தவறினால் மறுபடி முதலிலிருந்து. எட்டு முடித்த பிள்ளைக்கு ஒன்பதாவது வெள்ளியன்று அம்மை போட்டால் கதை தானாக நகரும். உத்தரியத்தை (கழுத்தில் அணியும் சிறு புனிதத் துணித் துண்டுகள்) குளிக்கும்போதும் கழற்றாத பிள்ளையும் அப்படித்தான். திருச்சபை இவற்றை மனந்திரும்புதலோடு சேர்த்தே போதிக்கிறது. அதையும் யாராவது ஒருவர் வாயில் வையுங்கள், பிள்ளை காதில் வாங்காவிட்டாலும்.

குரு எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும்?

களைத்தவர், நல்லவர், அவசரத்தில் இருப்பவர். கொடுமைக்காரக் குருவை வைத்தால் பயத்துக்குக் காரணம் அவராகிவிடுவார். பிள்ளையின் கணக்கு வீணாகும். பிள்ளைகள் மீதான பாலியல் வன்முறையை ஒற்றை வரி நகைச்சுவையாக ஒருபோதும் நுழைக்காதீர்கள். அது தனி நாடகம், வேறு பொறுப்பு.

நடிக்கும் பிள்ளைக்குப் பயம் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

முதல் வாசிப்பிலேயே பெற்றோர் உடன் இருக்கட்டும். கதாபாத்திரத்துக்கு நடிக்கும் பிள்ளையின் பெயரை வைக்காதீர்கள். குருவாக நடிப்பவர் அங்கியைப் பிள்ளை கண் முன்னால் போடவும் கழற்றவும் செய்யட்டும். நரகம் பற்றிய வசனத்தை வீட்டில் தனியாக மனப்பாடம் செய்ய விடாமல் ஒத்திகையில் மட்டும் சொல்ல வையுங்கள். “நான் உண்மையில் நினைத்தால் நடக்குமா?” என்று கேட்டால் நேராகப் பதில் சொல்லுங்கள்: நடக்காது.

உண்மையிலேயே இப்படி வாடும் பிள்ளை கண்ணில் பட்டால்?

அதைக் கதைக்குப் பயன்படுத்த வேண்டாம். சொன்ன பாவத்தையே திரும்பத் திரும்பச் சொல்வது, செபத்தில் ஒரு சொல் தவறினால் முதலிலிருந்து தொடங்குவது, நற்கருணை வாங்க அஞ்சுவது, “இது பாவமா” என்று நாள் முழுக்கக் கேட்பது, தூக்கம் கெடுவது ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் குழந்தை மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். இது எண்ணச் சுழற்சி நோயின் (OCD) ஒரு வடிவமாக இருக்கலாம், சிகிச்சை உண்டு. ஒவ்வொரு முறையும் “பாவம் இல்லை” என்று உறுதி சொல்லிக்கொண்டே இருந்தால் கேள்வி குறையாது, கூடும். ஒரே குருவிடம் போவதும், மன்னிக்கப்பட்டதைத் திரும்பச் சொல்லாமல் இருப்பதும் திருச்சபையின் பழைய ஆலோசனை.

புனிதர்களுக்கும் இந்தத் துன்பம் இருந்தது. இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் ஸ்பெயினின் மன்ரேசாவில் 1522-இல் மாதக்கணக்கில் இதில் சிக்கினார். தற்செயலாகச் சிலுவைபோல் கிடக்கும் இரண்டு வைக்கோல் துரும்பை மிதித்துவிட்டுப் பாவம் என்று எண்ணுவது தவறான முடிவு என்று பிற்பாடு அவரே எழுதி வைத்தார்.

வசனம் இயல்பாக வர, உண்மையான பாவசங்கீர்த்தனம் ஒன்றைப் பதிவு செய்யலாமா?

கூடாது. கருவி கொண்டு பதிவு செய்வதும் ஊடகத்தில் வெளியிடுவதும் திருச்சபைச் சட்டத்தில் குற்றம். 2021-இல் திருத்தப்பட்ட தண்டனைப் பகுதியிலும் இது இருக்கிறது. ஆராய்ச்சிக்காகப் போலியாகப் போய்ப் பாவம் சொல்வதையும் தவிருங்கள்.

நேரம் கேட்டு ஒரு குருவை வெளியே சந்தியுங்கள். எந்த மன்னிப்பு வாசகம் எந்தக் காலத்தில் சொல்லப்பட்டது, கையை எப்போது நீட்டுவார், தொட்டியில் எந்தப் பக்கத்தை முதலில் திறப்பார், பிள்ளை அழுதால் என்ன செய்வார், ஒன்றுமே பேசாமல் நின்றால் என்ன கேட்பார். கடைசிக் கேள்விக்கு அவர் சொல்லும் பதிலைச் சொல்லுக்குச் சொல் குறித்துக்கொள்ளுங்கள். குருவின் முதல் வசனம் அதுவாக இருக்கலாம்.